எல்லாப் படங்களும்

காத்தான்குடியில் பேர்போன றிப்ஷான்கள் மூன்று பேர். ஒருவன் மீன் றிப்ஷான், ஒருவன் ஓட்டோ றிப்ஷான், மூன்றாமவன் வயர் றிப்ஷான். செங்கலடிச் சந்தியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் எந்தக் கடையின் கூரைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே இந்த மூன்றாமவன் இழுத்த நீல வயர் ஓடும். அரிசி ஆலை, பாமசி, பேக்கரி, டியூசன் கொட்டில் என்று ஒன்றையும் அவன் விட்டுவைக்கவில்லை. கம்பியூட்டரையும் பிரிண்டரையும் கோர்த்துவிடுவான், கமரா பூட்டுவான், கடைக் கோப்புகளைக் கிளவுட்டில் ஏற்றி, "இனிக் கட பத்தினாலும் உங்கட கணக்குப் பத்தாது ஹாஜியார்" என்று சொல்லிச் சிரிக்கவும் வைப்பான்.

தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்கிற இந்த ஒடுங்கிய நிலத்தில் உப்புக்காற்றுக்குத் தப்பிய உலோகம் இல்லை. இரண்டு மாரி கண்டால் வயர் நுனி பச்சை பூத்துவிடும். ரவுட்டருக்குள் எறும்பு முட்டையிடும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். றிப்ஷான் ஒவ்வொரு நுனியிலும் கொஞ்சம் வசலின் தடவி, வயரைக் குழாய்க்குள் விட்டு, குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் இறங்குவான். கையில் அவ்வளவு பக்குவம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் அந்தப் பக்குவம். தெரியாத வேலையில் அவன் ஒரு சோம்பேறி.

கிளவுட்டில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் கடைக்கு ஒரு ஈமெயில் எக்கவுண்ட் வேண்டும். இங்கே எந்த முதலாளிக்கு அது இருக்கிறது? இருந்தாலும் பாஸ்வேர்ட் மகனுக்குத்தான் தெரியும், மகன் கட்டாரில் இருப்பான். "அதெல்லாம் நமக்கென்னத்துக்குத் தம்பி, நீங்களே ஒண்டப் போட்டுத் தாங்க" என்பார்கள். றிப்ஷான் தன் போன் நம்பரைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். நாலைந்துக்குப் பிறகு, இந்த நம்பருக்கு இனித் தரமுடியாது என்று ஈமெயில் கம்பனி கையை விரித்துவிட்டது. மகள் அகீலாவின் பேரில் முன்னரே ஒன்று திறந்து வைத்திருந்தான். அடுத்து வந்த கடைகளையெல்லாம் அதற்குள்ளேயே போட்டான். ஒரே சாவியில் பதினொரு கடை. பிழையென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. மாரி முடியட்டும், பிரித்துவிடலாம் என்று இரண்டு மாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பதினொன்றில் ஒன்று ஆரையம்பதி பிரதான வீதியில் இராசாத்தி அக்கா நடத்தும் தையல் கடை. கலியாண உடுப்புக்கு அவரை விட்டால் ஆளில்லை. ஆரையம்பதிப் பெண்களுக்குச் சேலைச் சட்டை, காத்தான்குடிப் பெண்களுக்கு மணமகள் உடுப்பு. திரைக்கு உள்ளே அபாயாவையும் தலைத்துணியையும் கழற்றிவைத்துவிட்டு உடுப்பைப் போட்டு நிற்பார்கள். எங்கே தொய்கிறது, எங்கே பிடிக்கிறது என்று ஊசி குத்தி, முன்னும் பின்னும் படமெடுத்து, பின்கட்டில் தைக்கிற பெண்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கென்று பெரிய போன் மாதிரி ஒரு டெப்பும் பின்கட்டில் ஒரு சின்னத் திரையும் வைத்து, படம் தானாகக் கிளவுட்டில் ஏறி அங்கே போகும்படி செய்து கொடுத்தவன் றிப்ஷான். படமெடுப்பவள் தக்ஷாயினி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். புருஷன் யோகராசா வாவியில் தோணி விட்டு மீன் பிடிக்கிறவன்.

அந்தக் கடையில் றிப்ஷானுக்கு நல்ல பேர் இருந்தது. அவன் ஏணியில் நிற்கும்போது அளவு கொடுக்க ஒரு பெண் உள்ளே வந்தால், யாரும் சொல்லாமலே இறங்கி, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அவள் திரைக்குள் போய், உடுத்து, கழற்றி, வெளியே போகும் வரைக்கும் அப்படியே நிற்பான். "காத்தான்குடித் தம்பி ஒழுக்கமான பிள்ள" என்று இராசாத்தி அக்கா நாலு பேரிடம் சொன்னது அவன் காதுக்கும் வந்தது. வீட்டில் வந்து மனைவி நிஸ்றாவிடம் அதை இரண்டு தரம் சொன்னான்.

ஐப்பசியில் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனபோது தக்ஷாயினி டெப்பை நீட்டினாள். அண்ணன் முறையில் அவனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இஞ்ச ஒருக்காப் பாருங்க. எங்கட படத்துக்கு நடுவில பைப்பும் கொமட்டும் வருது."

"அது விளம்பரம் தங்கச்சி. தட்டிட்டுப் போங்க."

"விளம்பரத்தில உசனார் ஹாஜியார்ட கட மேசையும் தெரியுமா?"

றிப்ஷான் சிரித்தான். "மாரி முடியட்டும், பாப்பம்" என்று ஏணியை மடித்தான்.

உசனார் ஹாஜியாரின் கடை காத்தான்குடியில், அதுவும் அந்தப் பதினொன்றில் ஒன்று. பைப், தண்ணீர்ப் பீலி, தரை ஓடு, சீமெந்து எல்லாம் அங்கே கிடைக்கும். சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டி, சும்மா இருக்கும் நேரத்தில் கடைச் சாமான்களின் படம் அதில் ஓடும்படி றிப்ஷான் வைத்துக் கொடுத்திருந்தான். புதுசாக வந்த ஓட்டின் படம் அதில் வரவில்லை என்று கார்த்திகையில் ஒரு புதன்கிழமை ஹாஜியார் முறைப்பட்டார். றிப்ஷானுக்கு அன்று வேறு இரண்டு கடையில் வேலை. அவசரத்தில் ரிமோட்டை எடுத்து, எந்தப் படங்களைக் காட்ட என்று டிவி கேட்ட இடத்தில் 'எல்லாப் படங்களும்' என்பதில் பொத்தானை அமர்த்திவிட்டு, ஓடு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாடைக்காற்றோடு மழை அடித்து ஊற்றியது. சீமெந்து எடுக்க வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களுமாகக் கடைக்குள் ஆறு பேர் நின்றார்கள். டிவியில் ஓடு போனது, பீலி போனது, வாளி போனது. அடுத்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். தோளில் ஊசி குத்திய மணமகள் உடுப்பு, தலையில் துணியில்லை, பின்னலை முன்னுக்குப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தபடி நின்றாள். ஹாஜியார் கூட்டுகிற தும்புத்தடியால் எட்டி டிவியை அணைக்கப் பார்த்து, முடியாமல், ஒரு வெற்றுச் சாக்கை எடுத்து அதன்மேல் போர்த்தினார். அதற்குள் ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை யாரென்றும் அதில் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. ஆமினா உம்மாவின் இளைய மகள் சஹ்லா. நிஸ்றாவின் தங்கை. றிப்ஷான் குடியிருக்கிற வீட்டில், மாதக் கடைசியில் நிக்காஹ் வைத்திருக்கிற பிள்ளை.

ஹாஜியார் போனில் கூப்பிட, றிப்ஷான் நனைந்தபடி ஓடிவந்தான். சாக்கைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. தக்ஷாயினி நீட்டிய டெப்பும் விளங்கியது.

"தம்பி, இது எப்பிடி எங்கட டிவிக்குள்ள வந்த?" என்று ஹாஜியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆறு பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். வயர் விசயத்தில் அவன் சொன்னால் இந்த ஊருக்கு அது நாட்டு வைத்தியப் பரிசாரி சொன்ன மாதிரி.

"இது... ஆரையம்பதித் தையல் கடையில எடுத்த படம் ஹாஜியார். அங்க ஒரு பொம்பிளதான் டெப்பில படம் எடுக்கிற. அவ ஆருக்கும் அனுப்பக்குள்ள..."

அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, மற்றவர்கள் முடித்துக்கொண்டார்கள். ஆருக்கு அனுப்பினாள், எத்தனை பேருடைய படத்தை அனுப்பினாள், என்னத்துக்கு அனுப்பினாள் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டு ஆளுக்கொன்றாகப் பதிலும் சொன்னார்கள். றிப்ஷான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவியை அந்த எக்கவுண்டிலிருந்து கழற்றினான். இரண்டு நிமிட வேலை. இரண்டு வருசமாக அதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மதிய லுஹர் பாங்குக்கு முன்னமே மூன்று ஓட்டோக்களில் பெண்கள் ஆரையம்பதிக்குப் போய், வெட்டியும் வெட்டாமலும் கிடந்த துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இராசாத்தி அக்கா கெஞ்சிப் பார்த்தார், ஒருத்தியும் நிற்கவில்லை. பின்னேரம் அவர் தக்ஷாயினியைப் பார்த்து, "கொஞ்ச நாளைக்கு வராத மனே" என்றார். காத்தான்குடியில் இந்தப் பேச்சு ஒரு விதமாக ஓடியது. ஆரையம்பதியில் வேறு விதமாக ஓடியது, அதுதான் இன்னும் கொடுமை. படம் அனுப்பினாளென்றால் எந்த ஆம்பிளைக்கு அனுப்பினாள் என்று அங்கே கேட்டார்கள். யோகராசா மீனைக் காத்தான்குடிச் சந்தைக்குக் கொண்டு வருவதை நிறுத்தினான். இதெல்லாம் றிப்ஷானுக்குத் தெரியவந்தது. பேக்கரியில், பாமசியில், ஏணியில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டு இறங்கி அடுத்த கடைக்குப் போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எட்டு நாள் இப்படிப் போனது. மற்றப் பத்துக் கடைகளையும் இரவல் நம்பர்கள் வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தான். தையல் கடையை மட்டும் தொடவில்லை. அங்கே போக அவனுக்கு முகமில்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட இருந்தான். அந்த வீடு ஆமினா உம்மா மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. பின்னால் இளைய மகளுக்கு இன்னொரு வீடு எழும்பி, பூச்சு வேலையில் நின்றது. கலியாணம் முடிந்து சஹ்லா அதில் குடிபோக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறிக்கவில்லை, நல்ல மனிதர்கள். உடுப்பை வேறு இடத்தில் தைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஒன்பது நாளாக வாசலுக்கு வரவில்லை.

ஓரா மீன் ஆணமும் கீரைச் சுண்டலும் சோற்றில் கிடந்தன. றிப்ஷான் குழைத்துக்கொண்டே இருந்தான்.

"இஞ்சாருங்க, குழைச்சது காணும். தின்னுங்க" என்றாள் நிஸ்றா.

அடுத்த அறையிலிருந்து சஹ்லாவின் குரல் கேட்டது. "எனக்கெண்டா அந்த அக்கா செஞ்சிருப்பா எண்டு நம்பேலாம இரிக்கி. ஒவ்வொரு படமும் எடுத்துப் போட்டு என்னட்டக் காட்டித்தான் வெச்சவ. முகம் நல்லா வந்த ஒண்ட அவவே அழிச்சா, இது தையலுக்குத் தேவயில்ல எண்டு."

"நீ சும்மா இரிடி. அவக்கு வக்காலத்தா?" என்றார் ஆமினா உம்மா. தொழுத பாயிலேயே இருந்தார். ஒன்பது நாளாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்கு இதே வேலை. இரண்டு கையையும் ஏந்தினார். "யா அல்லாஹ், எங்கட புள்ளைய ஆறு ஆம்புளையளுக்கு முன்னுக்கு நிப்பாட்டினது ஆரோ, அவங்களும் அவங்கட ஊட்டாக்களும் அவங்கட புள்ள குட்டியளும் சந்தியில நிண்டு தலகுனியணும் றப்பே."

பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயது அகீலா, உம்மும்மாவைப் பார்த்துத் தானும் கையை ஏந்தி, "ஆமீன்" என்றாள்.

றிப்ஷானின் கையிலிருந்த சோறு கோப்பைக்குள் விழுந்தது.

"மாமி, வேணாம். அப்பிடிக் கேக்காதீங்க."

"ஏன் மருமகன்? உங்களுக்கு மனசு நோகல்லையா?"

"அந்தப் புள்ள இல்ல மாமி. நான்தான்."

சொல்லிவிட்டான். எப்படிச் சொல்வது என்று ஒன்பது நாள் யோசித்த விசயம், எச்சில் கையோடு, எழும்பாமலே சொல்லி முடிந்தது. ஒரே எக்கவுண்டையும் சொன்னான், ரிமோட்டில் அமர்த்தியதையும் சொன்னான். ஹாஜியாரின் கடையில் பாதியில் விட்ட வசனத்தைக் கடைசியில் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஸ்றா சுவரில் சாய்ந்து நின்றாள். ஆமினா உம்மா ஏந்திய கையை மெல்ல இறக்கினார். அகீலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய தலையைத் தடவித் தடவிக் கொடுத்தார்.

"என்ட வாயால என்ட ஊட்டுக்கே கேட்டுட்டன்" என்றார். பிறகு, "ஒம்பது நாளா ஒரு குத்தமும் செய்யாத புள்ளைக்குப் பதுவாச் செஞ்சி சாபம் போட்டிருக்கன். அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு போய்க் கழுவ? அங்க எத்தின பேரு நிண்டாங்க மருமகன்?"

"ஆறு பேரு."

"ஆறு பேருக்கும் கேக்கச் சொல்லுங்க. பொறகு ஆரையம்பதிக்குப் போங்க. பின்னேர அசருக்கு முந்திப் போங்க."

றிப்ஷான் நிஸ்றாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"பிழ ஆருக்கும் வரும்" என்றாள் தரையைப் பார்த்து. "தங்கச்சிட படம் வந்ததுக்கு நான் உங்களோட கோவிச்சிருப்பன், பொறகு ஆறியிருப்பன். சுவரப் பாத்து நிண்ட கதய எனக்கிட்ட ரெண்டு தரம் சொன்னீங்க. இத ஒருக்காலும் சொல்லல்ல. போங்க, பாதியில உட்ட பேச்ச முடிச்சிட்டு வாங்க."

ஆறு பேரில் நாலு பேரை றிப்ஷானே தேடி ஹாஜியாரின் கடைக்குக் கூட்டிவந்தான். மற்ற இருவரையும் ஹாஜியார் போன் செய்து கூப்பிட்டார். றிப்ஷான் நின்றபடி சொன்னான். சாக்குப் போர்த்திய டிவி அவன் தலைக்கு மேலேயே இருந்தது, ஹாஜியார் அதை அப்புறம் போடவேயில்லை. சொல்லி முடித்ததும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொருவர், "சொந்த மச்சினிச்சிட படத்தையாடா?" என்றார். றிப்ஷான் தலையைக் குனிந்தான்.

"மிசின் பிழ விடும் தம்பி" என்றார் ஹாஜியார். "அதுக்கு வாய் இல்ல. உனக்கு வாய் இரிந்திச்சி. பேச்சு என்ட கடையில இருந்துதான் போன, நான் பள்ளிவாசல்ல வெச்சிச் சொல்லுவன். உன்ட பேரச் சொல்லித்தான் சொல்லுவன்."

"சொல்லுங்க ஹாஜியார்."

ஆரையம்பதிக்குப் போய்ச் சேரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. தையல் கடையில் ஏழு மிசின்களில் இரண்டுதான் ஓடின. இராசாத்தி அக்கா எழும்பி, "வாங்க தம்பி, வயருக்கு ஒண்டுமில்லையே" என்றார். அந்த மரியாதையைத் தாங்க அவனால் முடியவில்லை. தக்ஷாயினியைக் கூப்பிடச் சொன்னான். அவள் வீடு ஆற்றங்கரையில், வாவியை இங்கே எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். கால்மணி நேரத்தில் குடையோடு வந்தாள். பின்னால் யோகராசா வந்து, உள்ளே வராமல் வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றான்.

மூன்றாம் தரம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை, இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இராசாத்தி அக்கா நெஞ்சில் கையை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். தக்ஷாயினி நின்றபடி கேட்டாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும் நானா" என்றாள்.

றிப்ஷான் நிமிர்ந்தான்.

"அண்டைக்குப் பின்னேரமே தெரியும். அவங்கட பைப்பு எங்கட டெப்புக்குள்ள வருமெண்டா, எங்கட படம் அங்க போகாதா? உங்கள்ட்டத்தானே நான் முதல்ல காட்டின."

"அப்ப ஏன் தங்கச்சி ஆருக்கிட்டயும் சொல்லல்ல?"

"ஆருக்கிட்டச் சொல்ற? வயர் போட்டவர் ஒண்டு சொல்லியிருக்கிறார். தைக்கிறவ சொல்றத ஆர் கேப்பாங்க? இவருக்கு மட்டும் சொன்னன்." வாசல் பக்கம் தலையை ஆட்டினாள். "இவர் உங்கட ஊட்டுக்கு வாறதுக்குத்தான் நிண்டவர். நான்தான் மறிச்சன். நீங்களா வருவீங்க எண்டன். பொம்பிளப் புள்ள உள்ளுக்கு வந்தா சுவரப் பாத்து நிக்கிற மனிசன், வராம இருக்கமாட்டார் எண்டன். அடுத்த நாள் வருவீங்க எண்டு பாத்தன். பிறகு, வெள்ளிக்கிழம தொழுதிட்டு வருவீங்க எண்டு பாத்தன். இண்டைக்கு ரெண்டாவது வெள்ளிக்கிழம."

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். ஒன்பது நாளும் தன்னை நம்பிக்கொண்டு ஒருத்தி ஆற்றங்கரையில் இருந்திருக்கிறாள் என்பது அவன் கணக்கில் இல்லாத ஒன்று. "என்ன மன்னிச்சிக்கங்க தங்கச்சி" என்றான்.

"அது பிறகு. அவருக்கிட்டயும் உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க."

றிப்ஷான் தாழ்வாரத்துக்குப் போய் யோகராசாவுக்கும் சொன்னான். யோகராசா மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி உள்ளே வந்தபோது தக்ஷாயினி டெப்பை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். இராசாத்தி அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, "இந்தக் கோதாரிப் படமே நமக்கு வேணாம் மனே, தூக்கி எறி" என்றார்.

"வேணும் அக்கா. படமில்லாட்டி உள்ளுக்கு இருக்கிறவங்க என்னத்தப் பாத்துத் தைக்கிற? நானா, கடைக்கெண்டு தனியா ஒண்டு திறந்து தாங்க. என்ட நம்பரப் போடுங்க."

றிப்ஷான் உட்கார்ந்தான். பழைய எக்கவுண்டைக் கழற்றினான். அதிலிருந்த கடைப் படங்கள் முழுவதையும் அவள் பார்த்திருக்கவே அழித்தான். புதியதைத் திறந்தான். அவள் போனுக்குக் கோட் வந்தது, அவள் வாசித்தாள், அவன் போட்டான். கடைசியில் பாஸ்வேர்ட் கேட்டது. பழக்கத்தில் அவன் விரல் எழுத்துப் பலகைக்குப் போனது. எல்லாக் கடைக்கும் அவன் போடுவது ஒரே பாஸ்வேர்ட்தான்.

தக்ஷாயினி டெப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மத்தப் பக்கம் திரும்புங்க நானா" என்றாள்.

றிப்ஷான் எழும்பி, வழக்கமாக நிற்கிற இடத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கண்ணுக்கு நேரே அவன் இழுத்த நீல வயர், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. பின்னால் அவள் ஒவ்வொரு எழுத்தாக அமர்த்தும் சத்தம் கேட்டது. இடையில் நின்றது, திரும்பவும் கேட்டது. முடிந்ததென்று அவள் சொல்லும் வரைக்கும் நின்றான்.